காலைக்கும் மாலைக்கும் உன் எழுத்து

மச்சான்,

இன்று பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே புதிதாக ஓர் ஐஸ்கிரீம் கடை. பலகையில் உன் எழுத்து, நீ கம்ப்யூட்டரில் வரைந்த அதே எழுத்துரு. பலகை நீளம், பெயர் கட்டை. அதனால் எவனோ ஒருவன் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டிருக்கிறான். உள்ளே நீலம், ஓரம் மஞ்சள், கீழே நிழல் வேறு. நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஏணி கேட்டிருப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ இதை யாருக்காகச் செய்தாய் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? சண்டை முடிந்து, விரட்டப்பட்டு வந்த மன்னாருக்கே திரும்புவதா புத்தளத்திலேயே இருப்பதா என்று உங்கள் வீட்டில் ஓயாமல் கதை நடந்த காலம். உன் வாப்பாவுக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடி, சீனி வருத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. பாமசியில் மருந்து போட்டுக் கொடுத்த உறையில் பொடி எழுத்தில் இருந்த காலையையும் மாலையையும் மாற்றி வாசித்து, மாலைக் குளிசையைக் காலையில் போட்டு, கிணற்றடியில் மயங்கி விழுந்தார். "ரெண்டும் ஒண்டு மாதிரித்தானே மகன் தெரியுது" என்றார். அடுத்த நாளே நீ நம் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் 'கா'வையும் 'மா'வையும் வரையத் தொடங்கிவிட்டாய்.

கோடெல்லாம் ஒரே தடிப்பு, முனைகள் உருண்டை, சுழிகளுக்குள் மை அடைக்காதபடி நல்ல இடைவெளி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்யாணக் கார்டுக்கு இது போதும் என்றேன். நீ விடவில்லை. "எல்லாத்தையும் உருட்டினா எல்லாம் ஒண்டாத்தான் தெரியும் மச்சான்" என்று 'மா'வின் மூலையை மட்டும் நிமிர்த்தினாய், மடக்கினாய், மறுபடி நிமிர்த்தினாய். ஒவ்வொரு தடவையும் அச்சடித்துக்கொண்டு வாப்பாவிடம் ஓடினாய். எட்டு மாதம்! அவர் பிழையில்லாமல் வாசித்த அன்றே அதை இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டாய். "சும்மா குடுத்தாத்தான் பாவிப்பாங்க."

பாவிக்கிறார்கள், எங்கும் உன் எழுத்துத்தான். ஃபோன் கடை, பிள்ளைகள் படிக்கும் டியூட்டரி, உப்புப் பக்கற்று, கல்பிட்டியில் ஒரு படகின் பக்கவாட்டில்கூட. பாமசியைத் தவிர. நீ மவுத்தாகி, உன்னை அடக்கிய பிறகு மூன்று முறை போய்க் கேட்டேன். கவுண்டரில் நின்ற பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மெஷின்ல வார எழுத்துத்தான் வரும், நானா. பின்னுக்கு ஆக்கள் நிக்கிறாங்க." கத்திவிட்டு வந்தேன். கத்தி என்ன பயன்? பாமசிக்காரரிடம் நீ அல்லவா பேசியிருக்க வேண்டும். வேலையை அரைவாசியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். எனக்கு உன் மேலும் கோபம்தான்.

இப்போது மாதா மாதம் உன் எழுத்தில் இரண்டு ஸ்டிக்கர் அடித்து, மருந்து உறைகளில் ஒட்டி, வாப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இன்றும் அதற்குத்தான் பஸ் ஏறினேன். அவர் உறைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, காலை, மாலை என்று சரியாக வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மத்த ஆக்களுக்கு ஆரு மகன் ஒட்டிக் குடுக்கிறது?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். நாளைக்கு மறுபடியும் அந்தக் கவுண்டரில்தான் நிற்பேன், மச்சான். இந்தத் தடவை வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தக் கேள்வியை அவரே கேட்கட்டும்.