வேர் வகை கிடையாது

2025 ஜூன் 3

இனிமேல் போன் மணி அடித்தால் பதற வேண்டாம். 'கடைத்துணை' என்று ஓர் ஆப் போட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விக்கெல்லாம் அதுவே பதில் சொல்லுமாம். ஆர்டர் எடுக்கும், லேபிள் அடிக்கும், பார்சல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று வாங்கியவருக்குச் செய்தியும் அனுப்பும். பொடி இடிப்பது மட்டும்தான் என் வேலை.

நேற்று வரை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எள் வறுபடும் நேரம் பார்த்து சௌகார்பேட்டையிலிருந்து ஒருவர், பூண்டு உண்டா என்று கேட்பார். பதிலைத் தட்டி முடிப்பதற்குள் எள் கருகியிருக்கும். "அக்கா, நீ போனயே பாரு, கரண்டிய இங்க குடு" என்பாள் சுமலதா. வறுப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அவள்தான். சமயத்தில் எனக்கு மாமியாரும் அவள்தான்.

"உனக்கு வாய் இல்லியா, மிஷின் வெச்சிப் பேசற?" என்றார் ஜினேஷ். தன் உரக்கடைக்கு வருகிறவர்களிடம் காட்ட முடியாத எரிச்சலை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவது என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். காட்டிவிட்டுப் போகட்டும்.

ஜூன் 5

நம் சரக்கைப் பற்றி ஆப்புக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினேன். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, வேர் வகை எதுவுமே கிடையாது. சமண வீடுகளில் முதலில் கேட்பது அதைத்தான். சௌகார்பேட்டை வடக்கத்திக்காரர்கள் நம் தமிழ்ச் சமணரைவிடக் கறார்.

இட்லிப் பொடியில்தான் சிக்கல். 'வேர்க்கடலை' என்று லேபிளில் பார்த்ததும் ஆரம்பித்துவிடுகிறார்கள். அது வேரா? மண்ணுக்குள் விளைவதை நீங்கள் எப்படிச் சேர்க்கலாம்? அது வேர் இல்லை, பருப்பு என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது.

"வேர்னு பாத்தாலே மிரள்றாங்க. நம்மூர்ல எவன் வேர்க்கடலைன்றான்? மணிலான்னு போட்டுட்டுப் போ" என்றார் ஜினேஷ்.

சரிதானே. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவது மணிலாதான். சுமலதா வாயில் அது மல்லாட்டை. லேபிளிலும் ஆப்பிலும் மணிலா என்றே மாற்றினேன். பொய் ஒன்றும் இல்லையே.

ஜூன் 8

நாள் முழுக்க ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஆர்டர் வந்திருக்கிறது. இப்படியும் உண்டா!

ஜூன் 15

பண்டிகை வாழ்த்துகளை இப்போதே எழுதி வைத்துவிட்டால் அந்தந்த நாளில் அதுவே எல்லோருக்கும் அனுப்பிவிடும். தீபாவளி, பொங்கல் இரண்டுக்கும் எழுதினேன். செப்டம்பரில் பத்து நாள் விரதம் முடிந்து ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற நாளுக்கும் ஒன்று எழுதினேன். சௌகார்பேட்டைக்காரர்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்று பார்த்தால், பெயர் பெயராகப் பிரிக்க வேண்டும். யாருக்கு அவ்வளவு பொறுமை? எல்லோருக்கும் என்று தட்டிவிட்டேன்.

ஜூன் 24

மேல்சித்தாமூருக்கு மாமியாரைப் பார்க்கப் போயிருந்தோம். போனைக் கையில் எடுக்கவே இல்லை. வந்து பார்த்தால் தாம்பரம், ஓசூர், காஞ்சிபுரம் என்று எல்லோருக்கும் பதில் சொல்லி ஆர்டரும் எடுத்து வைத்திருக்கிறது. சமர்த்து. என்ன பேசினார்கள் என்று நான் படிக்கவில்லை. எதற்குப் படிப்பது.

ஜூலை 2

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது வருமா?

சாயங்காலம் தாம்பரத்திலிருந்து ஒரு குரல் செய்தி. கலைச்செல்வி என்று பெயர், ஆர்டர் கொடுத்தவள். மகள் பூவிழிக்கு நாலு வயது. நேற்று திடீரென்று உதடும் தொண்டையும் வீங்கி, மூச்சுவிடத் திணறி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இன்றைக்குத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"டாக்டர் என்னென்ன சாப்பிட்டான்னு எழுதச் சொல்றாருங்க. அவளுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாது. உங்க பொடியில அது இல்லன்னு நீங்கதான் அன்னைக்கே சொல்லிட்டீங்களே, அதனால அது இல்ல. பிறந்தநாள் கேக்காத்தான் இருக்கும். இருந்தாலும் பொடியில மத்தது என்ன போடுறீங்கன்னு சொன்னீங்கன்னா எழுதிக் குடுத்துடுவேன்."

பின்னால் ஒரு சின்னக் குரல், "அம்மா, பொடி தோசை" என்கிறது.

நீங்கதான் சொல்லிட்டீங்களே. நானா? எப்போது? பழைய பேச்சைத் தேடி எடுத்தேன். ஜூன் 24. "பொடியில் வேர்க்கடலை இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். பதில் போயிருக்கிறது: "கிடையாது. எங்கள் பொருட்களில் வேர் வகை எதுவும் சேர்ப்பதில்லை. நம்பி வாங்கலாம். — ஜினப்பிரியா."

என் பெயர். மணிலாவும் வேர்க்கடலையும் ஒன்றுதான் என்று அதற்கு நான் சொல்லவே இல்லை.

உடனே அவளைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். ஜினேஷ் பிடுங்கி வைத்துக்கொண்டார். "இப்ப ஒத்துக்கினா கேஸுல உள்ள போவ. புள்ளதான் நல்லா ஆயி வூட்டுக்கு வந்துட்ச்சே. திண்டிவனத்துல வக்கீல் சித்தப்பா இருக்காரு. காலைல அவர ஒரு வார்த்த கேட்டுட்டுப் பேசிக்கலாம்."

"பாக்கெட்டு இன்னும் அவங்க வூட்லதான இருக்குது?" என்றேன்.

"பொழுது போயிட்ச்சி. இனிமே எவன் சாப்டப் போறான்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது, அவரை மட்டும் சொல்வானேன். விளக்கு வைத்தாயிற்று. இனி காலையில்தானே அடுப்பு பற்றவைப்பார்கள். விடிந்ததும் முதல் வேலையாக—

ஜூலை 3

விடியும்போதே கூப்பிட்டேன். வக்கீலையும் கேட்கவில்லை, இவரையும் கேட்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. கடைசியில் ஓர் ஆண் குரல், கலைச்செல்வியின் புருஷன். "நேத்து நான் வேலை முடிஞ்சு வந்து ஒம்பது மணிக்கு எல்லாரும் பொடி தோசை சாப்பிட்டோம், பாப்பாவுக்கு மறுபடி வீங்கிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம், அப்புறம் பேசுங்க." நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லோரும் உட்கார்ந்து தோசை சாப்பிட்டிருக்கிறார்கள். பொடி தொட்டு.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அதற்காக ஊரே அப்படி இருக்கும் என்று எப்படி நினைத்தேன்? ராத்திரி இட்லி தோசைக்குத்தானே எல்லோரும் என் பொடியை வாங்குகிறார்கள்! விற்கிறவளுக்கு அதுகூடத் தெரியாதா?

ஜூலை 4

சொல்லிவிட்டேன். கலைச்செல்வியே எடுத்தாள். பொடியில் இருக்கிற மணிலா வேர்க்கடலைதான், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். பயத்தில் நானாக உளறினேன். "அந்தப் பதில நான் எழுதலம்மா. மிஷின் எழுதிட்ச்சி."

"நான் உங்களத்தானங்க கேட்டேன்" என்றாள்.

குரல்கூட உயரவில்லை. தப்பான பதில் போனது எனக்கு எப்போது தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 6

பூவிழி போய்விட்டாள்.

ஜூலை 9

தாம்பரம் போகலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை போனேன். சென்னை பஸ் நின்றது, ஏறவில்லை. அந்த வீட்டு வாசலில் போய் யார் என்று சொல்லிக்கொள்வது? திரும்பி வந்தேன்.

ஜூலை 17

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எடுத்துப் போனார்கள். வந்தவர் லேபிளைப் படித்துவிட்டு, "மணிலான்னா ஊரு பேருன்னு நெனைக்க மாட்டாங்களாம்மா?" என்றார்.

வேலை இனி இல்லை என்று சுமலதாவிடம் சொன்னேன். தலையைக் குனிந்தபடி சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். போகும்போது மட்டும், "மல்லாட்டன்னா மல்லாட்டதானக்கா. ஒரு வார்த்த நீ வாயால சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 12

ஜினேஷும் நானும் பேசிக்கொள்வது சோறு, தண்ணீர், மின்சாரக் கட்டணம். "சித்தப்பா சொல்றாரு, மிஷின் தப்புன்னா நமக்கு ஒண்ணும் ஆவாதாம். மொத நாள் சாயங்காலமே தெரியும்ன்றத மட்டும் எங்கியும் வாய் தொறக்காத" என்றார் இன்று. ஈ எறும்பு விழுந்து செத்துவிடக் கூடாது என்று விளக்கேற்றினால் சாப்பிடாத வீடு இது.

ஆகஸ்ட் 30

விரத நாட்கள். கோயிலுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று மாமியாரிடம் சொன்னேன்.

செப்டம்பர் 8

கடையை மூடினேனே தவிர ஆப்பை எடுக்கவில்லை. தானாகப் பதில் சொல்வதை மட்டும் நிறுத்தியிருந்தேன். ஜூனில் எழுதி வைத்த வாழ்த்துகளை அடியோடு மறந்துவிட்டேன். இன்று காலை அது எல்லோருக்கும் போயிருக்கிறது.

"மனத்தாலோ சொல்லாலோ செயலாலோ, தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்குத் தீங்கு செய்திருந்தால் மன்னிக்க வேண்டுகிறேன். — ஜினப்பிரியா." கீழே தாமரைப்பூ படம்.

சௌகார்பேட்டையிலிருந்து கும்பிடு போட்ட கைகளாக வந்து குவிந்தன. அவற்றின் நடுவே கலைச்செல்வி.

"இது நீங்க எழுதினதா, மிஷின் எழுதினதா?"

பதிலைத் தட்டினேன், அழித்தேன். இன்னொன்று தட்டினேன், அழித்தேன். இவளிடம் இனி எழுத்தில் பேசக் கூடாது என்று தோன்றியது. கூப்பிட்டேன். எடுத்தாள்.

"செஞ்சியிலருந்து ஜினப்பிரியா பேசறேன். அது மிஷின் அனுப்பினது. இப்ப பேசறது நான்தான்."

பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. வேறு குரல் இல்லை.

"அப்போ அன்னைக்குக் கேட்டத இப்பக் கேக்கறேன்" என்றாள். "பொடியில வேர்க்கடலை இருக்கா?"

"இருக்குதுங்க."

"எனக்கு இல்லன்னு தப்பாப் பதில் வந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

உரக்கடைக்குக் கிளம்பிய ஜினேஷ் வாசற்படியில் நின்று, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க பேசி அனுப்பினீங்க இல்ல, அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்" என்றேன். "நீங்க ராத்திரி தோசை சாப்பட்றதுக்கு முன்னாடியே தெரியும்."

ஜினேஷ் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.