கூரையில் ஒரு யன்னல்

உனக்கென்று நான் கட்டிய அறையில் நீ ஒரு நாளாவது உறங்கினாயா? நேற்றுவரை இப்படி ஒரு கேள்வியே எனக்கு எழவில்லை.

இன்று காலை, வீட்டைச் சூடாக்கும் பேர்னஸைப் பார்க்கிறவர் வந்தார். குளிர் தொடங்குமுன் வருடாவருடம் வருகிறவர். நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்ற்றில் பேர்னஸுக்குப் பின்னால் குனிந்தவர், "அன்ரி, உங்கடை வீட்டிலை இதுக்குள்ளை ஆரும் படுக்கிறவையோ?" என்று கேட்டார்.

"அதுக்குள்ளை ஆர் படுக்கிறது? எலிதான் படுக்கும்" என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். சுருட்டிய பாய். ஒரு ரோர்ச் லைற். உன் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் பட்டச் சான்றிதழும் போட்டு முடிச்சிட்ட பிளாஸ்ரிக் பை. கடைசியாக, போன மார்கழியில் நத்தாருக்கு நான் வாங்கித் தந்த பச்சைக் கம்பளிச் சால்வை. அது நீ மேலறைக்குக் குடிபோய்ப் பதினொரு மாதத்துக்குப் பிறகு தந்தது. ரோர்ச்சை அழுத்திப் பார்த்தேன். எரிந்தது.

நீ போய் எட்டு மாதமாகிறது. ஆஸ்பத்திரியில் மூன்றே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. எதையும் கேட்க நேரம் இருக்கவில்லை.

பேராதனை விடுதியில் மேல்மாடி மூலை அறைக்காக வார்டனோடு சண்டை பிடித்தவள் நீ. "கீழை இருந்தால் மூச்சு முட்டும். எனக்கு வானம் தெரிய வேணுமடி" என்பாய். அதை நான் இருபத்தைந்து வருடம் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு, தனி ஆளாய், நீ ரொறன்ரோவுக்கு வருகிறாய் என்று தெரிந்ததும், எங்கள் பழைய செங்கல் வீட்டில் கூரைக்குக் கீழே பெட்டிகள் அடைந்து கிடந்த அற்றிக்கை உனக்கு அறையாக்கத் தீர்மானித்தேன். வரைபடத்தில் கூரை யன்னல் இல்லை. நான்தான் கேட்டு வைப்பித்தேன்.

ஆறு கிழமை என்றார்கள். ஐந்து மாதம் ஆனது. நீ வந்து இறங்கியபோது கூரையைப் பிரித்து நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். படி வைப்பதற்காக மேல்மாடிச் சீலிங்கை வெட்டியிருந்தார்கள். மகள்மாரின் அறைகள், அலுமாரிகள், அரிசி வாளி எங்கும் வெள்ளைத் தூசி. தூசி எட்டாத இடம் பேஸ்மென்ற் ஒன்றுதான். அங்கே ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு, வெட்கத்தோடு உன்னை விட்டேன். சாப்பாட்டு மேசைக்கு இவர் தொப்பியோடு வருவார். "சோத்துக்கு உப்புக் காணாட்டில் மேலை பாருங்கோ, விழும்" என்பார். நீ கண்ணில் நீர் வரச் சிரிப்பாய்.

ஒருநாள் மத்தியானம் மேலே ஆணி அடிக்கும் மெசின் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. நீ கோப்பையோடு எழுந்து கீழே போனாய். தூசிக்குப் பயந்துதான் போகிறாய் என்று நினைத்தேன்.

"எனக்கு உது காணுமடி, கீழையே இருக்கிறன்" என்று நீ சொன்னதை நம் ஊர் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். நம் ஆட்கள் ஒரு தேத்தண்ணியைக்கூட முதல் தரத்தில் வாங்குவதில்லை. விடுதியில் நீ சொல்வாயே: "மூண்டாந்தரமும் கேட்டால்தான் மனசாரக் குடுக்கினம் எண்டு அர்த்தம்."

சான்றில்லாமல் எதையும் நம்பமாட்டேன் என்று என்னைக் கேலி செய்தவளும் நீதான். எல்லாச் சான்றும் என் வீட்டுக்குள்ளேயே இருந்தன. விமானச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்கிய வருடங்களைப் பற்றி ஒரே ஒரு தரம் சொன்னாய், யாருக்கோ நடந்ததைப் போல. எழுபத்தைந்தில் நாட்டை விட்டவள் நான். போர் எனக்குப் பத்திரிகையில் வாசித்த ஒன்று. கூரைக்கு நேர்கீழே படுப்பது உனக்கு எப்படியிருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை.

இன்று பின்னேரம் இவர் தேத்தண்ணி வேண்டாம் என்றார். நான் திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தானே போய்ப் போட்டுக் குடித்தார். ரோர்ச் என் மேசையில் இருக்கிறது.

அறை முடிந்தது ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை. உன் கையைப் பிடித்துப் படியேற்றினேன். வெள்ளைச் சுவர், புது மரத் தரை, கட்டிலுக்கு நேர்மேலே கண்ணாடி. அதற்குள் அந்நேரம் ஒரு விமானம் போனது. "பார், உன்ரை வானம்" என்றேன். "வேண்டாமடி" என்றாய். மறுபடி கேட்டேன். "கீழை எனக்கு நல்லாய்க் கிடக்கு" என்றாய். மூன்றாம் தரம் கேட்டேன். "சரி" என்றாய்.

மறுநாள் காலை தேத்தண்ணியோடு மேலே போனேன். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நீ கீழேயிருந்து படியேறி வந்தாய், கையில் தோய்த்த உடுப்புக் கூடையோடு.

"நித்திரை எப்பிடி?"

"நல்ல நித்திரையடி."

விடுதியில் ஒருநாளும் கட்டிலை விரித்து வைக்காதவள் எவ்வளவு திருந்திவிட்டாள் என்று இவரிடம் சொல்லிச் சிரித்தேன்.