ஹெவனில் வானம் இல்லை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. சாரல் குமுளியோடு நின்றுவிட்டது போல. உத்தமபாளையத்துக்குத் தூசி மட்டும். காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு மாடியில்.

நாளை பரீதாவுக்கு வகுப்பு. கம்பத்துப் பெண், நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதுகிறாள். வாரம் ஒரு சொல் எடுக்கிறோம். இந்த வாரம் ஹெவன். குறிப்பு:

– ஸ்கை வேறு, ஹெவன் வேறு. தமிழிலும் அப்படித்தான், வானம், சொர்க்கம். ஆனால் 'த ஹெவன்ஸ்' என்று பன்மையில் வந்தால் மறுபடி வானம்.
– வெறும் ஹெவனுக்கு முன்னால் 'த' கூடாது. (போன மாதம் மூன்று தடவை போட்டாள்.)
– பெரிய எச் போட்டால் சில இடங்களில் கடவுளே.
– பழைய கவிதைகளில் ஓசைக்காக நடுவில் விழுங்கி 'ஹெவ்ன்'. ஒரே மூச்சு.
– 'ஃபார் ஹெவன்'ஸ் சேக்': எரிச்சலில் சொல்வது. பக்தி இல்லை.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

ஜூலை 9, புதன்

மூன்று மணிக்கு வந்தாள். பாடம் நன்றாகப் போனது.

"எங்க வீட்டுல ஜன்னத்துன்னா தோட்டம் டீச்சர். கீழ தண்ணி ஓடும்பாக."

பாரடைஸ் என்ற சொல்லும் ஆதியில் சுவர் வைத்த தோட்டம்தான் என்றேன். சந்தோஷம் அவளுக்கு.

ஹெவன் வைத்துப் பத்து வாக்கியம் எழுதி அனுப்பச் சொன்னேன். புத்தகத்தைப் பார்த்து எழுதாதே, உன் காதில் விழுந்ததை எழுது.

மாத்திரை வாங்க இன்றும் மறந்தேன்.

ஜூலை 10, வியாழன்

மதியம் வாட்ஸ்அப்பில் வந்தது. முதல் ஆறு வாக்கியம் சாதாரணம். ஏழாவது:

இன் ஹெவன் தேர் இஸ் நோ ஸ்கை.

இலக்கணம் சரி. எட்டு: மேலே முழுக்கத் திராட்சைப் பந்தல். ஒன்பது: மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து: மனைவி அதை நிறுத்தப் போயிருக்கிறாள், அவளைக் கூப்பிட வேண்டாம்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அதேதான்.

யாரிடமும் சொல்லாதது. இந்த நோட்டிலும் எழுதாதது. என் வீட்டுக்காரர் இறந்துபோன அன்று நான் பக்கத்தில் இல்லை. தேனி ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ. முந்தின நாளிலிருந்து நினைவே இல்லாமல் கிடந்தார். நான் வெளியே பெஞ்சில். ராயப்பன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து அந்தோணி போன் பண்ணினான்.

"அக்கா, ஒங்க மோட்டாரு ஓடிக்கிட்டுக் கெடக்கு. தண்ணி எந்தோட்டம் பூரா பாயுது. ரூம்பு பூட்டியிருக்கே!"

சாவி என் பையில். அந்த மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் கிடையாது. ஆள் அமுக்கினால்தான் ஓடும். பூட்டை உடை என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. பஸ் பிடித்துப் போனேன். திறந்தேன், நிறுத்தினேன். பொத்தானிலிருந்து விரல் எடுக்கவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து போன். முடிந்துவிட்டது.

மோட்டாரைப் போட்டது யாரென்று இன்றுவரை தெரியாது. மோட்டாருக்காகப் புருஷனை விட்டுப் போனவள் என்று ஊர் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன், இரண்டு வருடமாக.

பரீதாவுக்கு நாலு தடவை போன். எடுக்கவில்லை. டூட்டியில் இருப்பாள்.

ஜூலை 11, வெள்ளி

காற்று சுத்தமாக நின்றுவிட்டது. தென்னை ஓலைகூட அசையவில்லை. பதினொரு மணிக்கு வந்தாள், பயந்துபோய்.

"தப்பா எழுதிட்டேனா டீச்சர்?"

கடைசி நாலு வாக்கியம் எங்கே கேட்டாய் என்றேன்.

"முன்ன தேனியில வேலை பாத்தப்ப ஒரு பேஷண்ட் சொன்னாக. நீங்கதான காதுல விழுந்தத எழுதச் சொன்னீக."

"சொர்க்கம்னு சொன்னாரா?"

"இல்ல டீச்சர். 'இங்கன வானமே தெரியல, பூரா பந்தலா இருக்கு'ன்னாக. அந்த எடத்துக்கு எனக்கு வேற பேரு தெரியல."

உள்ளறைக்குப் போய் அவர் படத்தை எடுத்து வந்தேன். அவள் இதுவரை அதைப் பார்த்ததில்லை. பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"இவுகதான்."

மோட்டார் விஷயம் யாராவது அவர் காதில் போட்டிருப்பார்களோ என்று கேட்டேன்.

"யாரு போடுவா? உள்ள நான் மட்டுந்தான் இருந்தேன். நெனப்பில்லாம கெடந்தவுக திடீர்னு கண்ணத் தொறந்தாக. வெளிய அவுக வீட்டம்மா இருக்காகன்னு சொன்னாக, நான் பாத்ததில்ல. கூப்பிடவான்னு கேட்டேன். 'அவ மோட்டார நிறுத்தப் போயிருக்கா. கூப்பிடாத, அவ போனதுதான் சரி'ன்னாக. கோவமா எல்லாம் சொல்லல டீச்சர். சிரிச்ச மொகம்."

அவ போனதுதான் சரி. வாய்விட்டு அழுதேன், அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. பரீதா தண்ணீர் கொண்டுவந்து, டம்ளரை என் கையில் பிடிக்க வைத்தாள்.

அப்புறம் கேட்டேன், வேறு ஏதாவது சொன்னாரா?

தரையைப் பார்த்தாள்.

"என்னையப் பாத்து, 'ஆத்தா, கொஞ்சம் தள்ளி நில்லு. அவுக வர்றாக'ன்னாக."

"யாரு?"

"தெரியல டீச்சர். நான் திரும்பிப் பாக்கல. தள்ளி நின்னேன்."