வாயைக் குறைக்கச் சொன்னார்கள்

ஜூன் 3, செவ்வாய்

டீத்தூள் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

காலையில் இவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பிரஷர் மாத்திரை போட்டாச்சா? "போட்டாச்சு, போட்டாச்சு" என்றார். ஒரு தடவை சொன்னால் போட்டிருக்கிறார். இரண்டு தடவை சொன்னால் போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் பொய்க்கு இதுதான் அடையாளம்.

மத்தியானம் ஒத்திகை அறையில் அண்ணன் முகமெல்லாம் பல்லாக நின்றார். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, எங்கள் நாடகக் குழுவை நடத்துகிறவர். கூடப்பிறந்தவர்களைவிட அதிகமாகத் திட்டியிருக்கிறார். எங்கள் நாடகத்தைச் சினிமாவாக எடுக்கிறார்களாம்! ஆரம்பத்தில் 'மேடை நாடகத்தின் தழுவல்' என்று எழுத்துப் போடுவார்களாம். கதாநாயகி நான்தான், கேமரா முன்னால் ஒரு சோதனை மட்டும் பாக்கி. இத்தனை வருஷமாக அதே வேஷம் கட்டுகிறவளுக்கு என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது? ரயில் நிலையத்தில் புருஷனைப் பிரிகிற காட்சியில் நான் பேசும் வசனத்துக்குக் கடைசி வரிசை எழுந்து நின்று கைதட்டும். மைக் கிடையாது. எல்லாம் தொண்டைதான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒரு மூச்சில் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "நல்லது" என்றார். பிறகு தட்டு கழுவப் போய்விட்டார்.

ஜூன் 9, திங்கள்

மூக்கு உடைந்தது.

இயக்குநர் சின்ன வயசு, மரியாதை தெரிந்த பிள்ளை. ஒரு பக்க வசனத்தைப் பேசிக் காட்டினேன். "குரல் பிரச்சினை இல்லக்கா. வாய்தான் ரொம்ப அசையுது. கொஞ்சம் குறைச்சுக்கறீங்களா?" குறைத்தேன். இன்னும் என்றார். குறைத்தேன். இன்னும் என்றார். கடைசியில் திரையில் போட்டே காட்டிவிட்டார். ஐயோ, அது நானா? பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது 'ஆ' காட்டுவோமே, அந்த வாயோடு காதல் வசனம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மேடைப் பழக்கம், விடு, என்று அண்ணன் சமாதானம் சொன்னார். அப்படியானால் என்னோடு மேடையேறுகிற மற்றவர்களெல்லாம் எப்படித் தேறினார்கள்? அவர்கள் என்ன வேறு மேடையிலா நடித்தார்கள்?

இரண்டு வாரம் தவணை. அதற்குள் சரியாகாவிட்டால் வேஷம் டிவி சீரியல் பெண் ஒருத்திக்குப் போய்விடும். அவளுக்குக் கண்ணழகி என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கண்ணாலேயே முடித்துவிடுவாள், வாயைத் திறக்கிற சிரமமே இல்லை. வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் பயிற்சி. வீட்டிலும் இனி சின்ன வாயால்தான் பேச்சு. நாள் முழுக்கப் பழகினால்தான் வரும்.

ஜூன் 14, சனி

இவருக்கு என்ன கோபம்? தண்ணீர் கேட்டால் பேப்பரை எடுத்து நீட்டுகிறார். எது சொன்னாலும் 'ம்' என்று ஒரு தலையாட்டல், அப்புறம் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.

ஜூன் 17, செவ்வாய்

நான் சினிமாவில் நடிப்பது பிடிக்கவில்லை. அதுதான். வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஜூன் 19, வியாழன்

 எழுதினால்தான் மனசு அடங்கும்.

இவருக்கு இன்று லீவு. நான் ஒத்திகைக்குப் போகும் முன் தெளிவாகச் சொன்னேன்: குழாய் சரிசெய்கிறவர் வருவார், கதவைத் திறந்து விடுங்கள். தலையாட்டினார். திரும்பி வந்தால் சமையலறையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. குழாய்க்காரர் வந்து மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனார் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். இந்த மனுஷன் மணிக்கு நேர் கீழே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

பென்சிலாவது பயிற்சியாவது! முன்னால் போய் நின்று என் சொந்த வாயால் கத்தினேன். அவர் முகம் தெளிந்தது. நான் திட்டத் திட்ட அவருக்குச் சந்தோஷம்.

"அப்பாடா. இப்பதான் புரியுது" என்றார்.

"என்ன புரியுது?"

"ஒரு வாரமா உன் வாயே தெரியல. ஏதோ முணுமுணுக்கற. நானும் குத்துமதிப்பா தலையாட்டிட்டிருக்கேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருக்குப் பின்னால் போய் நின்று, மேடையில் கடைசி வரிசைக்குப் பேசுகிற குரலில், "ஏங்க" என்றேன். பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க, தீப்பிடிச்சிருச்சு" என்றேன். மூடியைப் போட்டு முடித்தார்.

காது போய் எவ்வளவு நாளாயிற்றோ. கேட்டால் படிப்படியாகத்தான் என்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமாம். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் கடைசி பெஞ்சுகூட மேஜைக்கு வந்து முகத்தைப் பார்த்துத்தான் கேட்குமாம். ஊருக்கெல்லாம் தெரியும், பக்கத்தில் படுப்பவளுக்குத் தெரியாது.

இல்லை. என் வாய்க்குத் தெரிந்திருக்கிறது. அது பாட்டுக்கு இவருக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாகியிருக்கிறது. கேமரா பார்த்தது மேடை வாயே இல்லை. இவரோடு பேசுகிற வாய்.

"எனக்கே தெரியாம நான் எப்படிங்க மாறுவேன்?" என்று கேட்டேன்.

"கள்ளிச்செடி மட்டும் தெரிஞ்சா இலையை முள்ளாக்கிக்கிச்சு?"

அறிவியல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் ஏழாம் வகுப்புத் தகவமைப்புப் பாடம். நான் அழுதேன். அவரும்தான்.

ஜூன் 20, வெள்ளி

வேஷம் வேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தேன். பழக்கிக்கொண்ட சின்ன வாய் ஒட்டிக்கொண்டால் இந்த வீட்டில் நான் ஊமை. பழைய வாயோடு போனால் வேஷம் கண்ணழகிக்கு. எத்தனை வருஷம் காத்திருந்தேன் இதற்கு — ஆசை விடமாட்டேன் என்கிறது.

இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "அங்க சின்னதா பேசு, இங்க பெருசா பேசு. தவளை தண்ணியிலயும் இருக்கு, தரையிலயும் இருக்கு. குழம்பியா போயிடுச்சு?"

கட்டின பெண்டாட்டிக்குத் தவளைப் பட்டம். நீங்கள் காது டாக்டரிடம் வந்தால் நான் தவளையாகிறேன் என்றேன். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

ஜூன் 23, திங்கள்

தேறிவிட்டேன்! மனசுக்குள் தவளை, தவளை என்று சொல்லிக்கொண்டேதான் பேசினேன்.

ஜூலை 2, புதன்

இவர் காதுக்கு மெஷின் வந்துவிட்டது. மாட்டியதும் முதலில் சொன்னது: "நீ இவ்வளவு சத்தமாவா பாத்திரம் கழுவற?"

ஜூலை 14, திங்கள்

இன்று ரயில் நிலையக் காட்சி. அந்தக் காட்சி! காலையில் போனால் என் இரண்டு பக்க வசனத்தை மொத்தமாக அடித்துவிட்டிருக்கிறார்கள். ஏசி பெட்டியாம், கண்ணாடி மூடியிருக்குமாம், நான் உள்ளே, புருஷன் வெளியே நடைமேடையில். சத்தமே கிடையாதாம். கைதட்டல் வாங்கிக்கொடுத்த வசனம், தம்பி, என்று சண்டைக்குப் போனேன். இயக்குநர் மெதுவாக, "மேடையில கடைசி வரிசைக்குக் கேக்கணும்க்கா. இங்க பக்கத்துல நிக்கிற புருஷனுக்கே கேக்கக்கூடாது. அப்பதான் அவங்க பிரியறது தெரியும்" என்றார். பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

சத்தம் பதிவாகாது, வாய்க்கு வந்ததைப் பேசுங்கள் என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை, காதில் எதுவும் விழாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதற்குமேல் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தவளையை மறந்துவிட்டேன். வீட்டு வாயாலேயே பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முடிந்ததும் இறங்கி வந்து, வாய் ரொம்ப அசைந்துவிட்டதா தம்பி என்று கேட்டேன். "இதுதான்க்கா வேணும்" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அண்ணன் புதுச் சட்டை. இவர் மெஷினோடு வந்தார். ஆனால் தியேட்டர் சத்தம் காதில் சம்மட்டியால் அடிக்கிறது என்று ஆரம்பத்திலேயே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரையிலோ நான் சின்ன வாயால் அழகாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். பாவம், ஒரு வார்த்தை புரிந்திருக்காது. சும்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவருக்காகவாவது பெரிசாகப் பேசியிருக்கலாம் என்று தோன்றியது.

ரயில் காட்சி வந்தது. சத்தம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் திரை முழுக்க என் முகம், என் வாய்.  எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவள் என்ன சொல்லிப் பிரிகிறாள் என்று ஆளாளுக்கு ஒன்று நினைத்து அழுதிருப்பார்கள்.

அப்போது பக்கத்தில், காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தச் சத்தத்தில், இவர் திரையைப் பார்த்துச் சொன்னார்:

"போட்டாச்சு, போட்டாச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் என்ன, என்ன என்றார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படம் முடிகிற வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். இன்றைய மாத்திரை அப்படியே இருந்தது. தண்ணீரோடு கொண்டுபோய் நீட்டினேன்.