மரியாதையாகக் குத்திய மந்திரி

பிப்ரவரி 12, வியாழன்

சிரித்துச் சிரித்து இன்னும் வயிறு வலிக்கிறது. நான் சமைக்கும் காலேஜ் ஹாஸ்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் இன்று நாடக ஒத்திகை. நானூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன இங்கிலீஷ்காரர் ஒருவர் எழுதியதாம், தமிழில் போடுகிறார்கள். நாளை போட்டி. ராஜாவைக் குத்தும் மந்திரியாக நம் ஊர்ப் பெண், சிங்காநல்லூர் கவிதா. கத்தியை ஓங்கி, "உங்களைக் கொல்லப் போறேனுங்க" என்றாள்.

நாடகம் சொல்லிக்கொடுக்கும் மெட்ராஸ் டீச்சருக்குக் கோபம். "கொலைகாரன் மரியாதை குடுப்பானா? இன்னொரு தடவை 'ங்க' வந்துச்சு, வேற ஆளைப் போட்டுடுவேன்."

'ங்க' இல்லாமல் கவிதாவுக்கு வசனமே வரவில்லை. கண் கலங்கிவிட்டாள்.

நான் கரண்டியோடு நடுவில் போனேன். "ஏனுங் டீச்சர், எங்கூர்ல குடியக் கெடுக்கறவன் மரியாதையாத்தான் பேசுவானுங்க." ராஜா வேஷக்காரியின் தோளில் கைவைத்து மெதுவாகச் சொன்னேன்: "உக்காருங்க ராஜா. பயப்படாதீங்க, சீக்கிரம் முடிஞ்சிருமுங்க."

ராஜா அலறிக்கொண்டு எழுந்து ஓடினாள்!

டீச்சர் வசனத்தாளில் எல்லா இடத்திலும் 'ங்க' எழுதினார். கவிதாவும் சொன்னாள், என்னைவிட நன்றாகவே, கழுதை.

"எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றார் டீச்சர். சிரித்து மழுப்பினேன். சொத்துப் பிரித்த அன்று எங்கள் பங்கையும் எழுதி வாங்கிக்கொண்டு என் கொழுந்தனார் எங்களிடம் பேசிய குரல் அது. அவர் மகளும் இங்கேதான் படிக்கிறாள்; நாளை அவரும் நாடகம் பார்க்க வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்க்கப்போகிறேன். தூக்கம் எங்கே வரும்!