கப்பல்காரன் கரை சேர்ந்தானா?

மார்ச் 4

புதுக் கோழிக்குஞ்சுகள் வந்து இறங்கிவிட்டன. ஷெட் முழுக்க மஞ்சள்.

சத்தம் கொடுக்காமல் உள்ளே போனால் மிரண்டு, ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும். அடியில் சிக்கியவை நசுங்கிச் செத்துப்போகும். அதனால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சத்தம். அப்பா இரண்டு தடவை இருமுவார். வீட்டுக்குள் வரும்போதும் அதே இருமல்தான், நாங்கள் என்ன கோழியா! அம்மா எதையாவது திட்டிக்கொண்டே நுழைவாள். எனக்குத்தான் தொண்டையிலிருந்து ஒன்றும் வராது. பாடச் சொன்னால் காது சூடாகிவிடும்.

போன முறை என் வாயாடித் தங்கைதான் தன் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் திணித்தாள். "பாட வேணாம்க்கா, படி. கோழி தப்பு கண்டுபிடிக்காது."

தீவனம் போட்டு முடித்ததும் வாசித்துக்கொண்டே நடக்கிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். எனக்கும் இது புதுப் பாடம்தான்.

மார்ச் 7

ரத்த ஓட்டம் பற்றிய பாடம் முடிந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கிறது.

மார்ச் 10

கப்பல் உடைந்து கடலில் தனியாக மிதக்கிறவன் கதை. பாதிதான் வாசிக்க முடிந்தது. வெளியே அம்மாவின் குரல்: "ஒரு படுதாவைச் சுருட்ட இவ்வளவு நேரமா? கை மரத்துப்போச்சா?" பாவம் அப்பா, ஷெட்டைச் சுற்றித் தொங்கும் படுதாவைச் சுருட்டுவது அவர் வேலை.

மார்ச் 12

பண்ணை முதலாளி வந்தார். "மூணாவது ஷெட் தயாராயிடுச்சு. உன் சின்னப் பொண்ணையும் வேலைக்கு இறக்கிடேன். எட்டாவதோட போதும்ல?"

அப்பா சொன்னார்: "பாக்கலாம்ங்க."

அவ்வளவுதான், முடிந்தது. அப்பா வாயில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். இந்தப் பண்ணைக்குக் குடிவந்தபோது, "பெரியவ பள்ளிக்கூடம்?" என்று அம்மா கேட்டதற்கும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

கோபம் வரவில்லை. வந்தால் நன்றாயிருக்கும். அப்பா படித்தது மூன்றாவது வரை. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. படிப்பு ஒருத்தியை எங்கே கொண்டுபோய் விடும் என்று இருவரும் கண்டதில்லை. ஷெட் கண்ணெதிரே நிற்கிறது. அவர்கள் எதைத்தான் நம்புவார்கள்?

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறாள்: "நீ சொல்லுக்கா. உன்னை அப்பா எதிர்த்தே பேச மாட்டாரு."

நான் பேசினால்தானே அவர் எதிர்க்க?

மார்ச் 15

சாப்பிடும்போது சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். "அப்பா" என்றேன். நிமிர்ந்தார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். சீ, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 18

தங்கைக்குப் பரீட்சை. புத்தகம் அவளிடம். கதை பாதியில் நிற்கிறது.

இன்று தண்ணீர்க் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு இருமல். ஷெட்டுக்கு வெளியேதானே இருக்கிறோம், எதற்கு இருமுகிறார்? அப்புறம்தான் புரிந்தது, நான் மிரளக் கூடாதாம்.

"அந்தக் கப்பல்காரன்... கரை சேந்தானாம்மா?"

படுதா! இத்தனை நாளும் அதன் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்!

மறுபக்கத்திலேயே அவன் கரை சேர்ந்துவிடுகிறான். நான் முன்னாலேயே புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் என் வாய் சொன்னது வேறு. "மீதிக் கதை ஒன்பதாவது புத்தகத்துல இருக்குப்பா. அவ ஒன்பதாவது போனாத்தான் தெரியும்."

அப்பாவிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. பேசியது பொய்.

மார்ச் 20

அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு எங்கோ போய்வந்தார். அம்மா கேட்டதற்கு இருமினார்.

ஏப்ரல் 11

கோழிகள் லாரி ஏறின. "எல்லாம் எட்டாவது பாஸு" என்றாள் தங்கை.

முதலாளி திரும்பக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்லங்க, சின்னவ படிக்கட்டும். அந்த ஷெட்டுக்கு வேற ஆள் பாத்துக்குங்க" என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஜூன் 6

தங்கை ஒன்பதாவது போகிறாள். அப்பா தீவனச் சாக்குத் தாளில் அவளுடைய புத்தகங்களுக்கு அட்டை போட்டார். எந்தப் பக்கத்தில் கப்பலைக் காட்டுவேன்?

"அப்பா, கப்பல்காரன் அதுல..."

"இல்ல. தெரியும். அன்னைக்கே போய் டீச்சரைக் கேட்டுட்டேன்."

உள்ளே போகக் கூச்சப்பட்டு வகுப்பு வாசலில் நின்று இருமிக்கொண்டே இருந்தாராம். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் டீச்சர் எட்டிப் பார்த்தார்களாம். என் பொய் தெரிந்தும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை இந்த மனுஷன்!

"கோழிக்கு வாசிக்கற கதைன்னதும், யாரு வாசிக்கறதுன்னு கேட்டாங்க. மூத்த பொண்ணுன்னு சொன்னேன். வீட்டுலேருந்தே எட்டாவது பரீட்சை எழுதலாமாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டு என் மடியில் ஒன்றை வைத்தார். தங்கையின் பழைய எட்டாம் வகுப்புப் புத்தகம். பிரிந்து கிடந்த முதுகைச் சாக்கு ஊசியால் தைத்திருந்தார். அதற்கும் புது அட்டை.

சாயங்காலம் புதுக் குஞ்சுகளிடம் போனேன். படுதா ஏற்கெனவே சுருட்டியிருந்தது. அப்பா உள்ளே, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.

"முதல்லேருந்து படிம்மா" என்றார். "பாதியிலதான் நான் கேக்க ஆரம்பிச்சேன்."