மீசையில்லாத மாப்பிள்ளை

ஜூன் 12, வியாழன்

வாஷிங் மெஷின்காரர் இன்றும் வரவில்லை. போன் செய்தால் "பூந்தமல்லி தாண்டிட்டேன்மா" என்கிறார். எந்தப் பக்கம் தாண்டினார் என்று சொல்வதில்லை.

சாயங்காலம் மேல்மாடி எழிலரசி வந்தாள். திருவாரூர்ப் பெண், ஐ.டி. வேலை, எங்கள் அபார்ட்மென்டில் எதையாவது ஆரம்பித்துக்கொண்டே இருப்பாள். போன வருஷம் மொட்டை மாடித் தோட்டம். அதில் தக்காளி தவிர மற்றதெல்லாம் செத்தது. தக்காளியைக் குரங்கு தின்றது. இந்தத் தடவை கதை மாலை. காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டு பேக்கரியின் மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை. யார் வேண்டுமானாலும் மேடையேறிக் கதை சொல்லலாம். ஆனால் உண்மைக் கதையாக இருக்க வேண்டும், சொல்பவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும், தாளைப் பார்க்கக் கூடாது. ஏழு நிமிஷம் தாண்டினால் சைக்கிள் பெல் அடிப்பாள். பெயர்களைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்களாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஜாபஸ் ஹாலிலிருந்து, "நம்மகிட்ட கீதே, கல்யாணக் கதை. அத சொன்னா மத்தவன்லாம் எழுந்து ஊட்டுக்குப் போயிடுவான்" என்றார்.

நம்மகிட்ட. யாருடைய நம்ம?

ஜூன் 13, வெள்ளி

ஆபீஸில் வேலையே ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

கல்யாணத்தன்று காரை ஓட்டியவர் பிரகாசம் மாமா. யாரிடமும் வழி கேட்காதவர். காரில் நானும் அப்பாவும் தோழிப் பெண்ணும் மட்டும். மற்றவர்களெல்லாம் வேனில் முன்னாலேயே சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். ஆவடியில் ஒரு சர்ச் வாசலில் பூ அலங்காரம், பேண்டு வாத்தியம். மாமா வண்டியைத் திருப்பினார். வெள்ளைப் புடவையும் முகத்தை மூடிய நெட் துணியுமாக ஒருத்தி இறங்கினால் யார் விசாரிக்கப் போகிறார்கள்? பேண்டு முழங்கியது. உள்ளே எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. அப்பா போட்டோவுக்காகக் கண்ணாடியைக் கழற்றி மாமாவிடம் கொடுத்திருந்தார். அவருக்கு எல்லாமே புகையாகத்தான் தெரிந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நடந்தார்.

பாதி வழியில் மாப்பிள்ளை திரும்பினார். மீசை இல்லை.

அப்போது எனக்கு வந்தது பயமில்லை, கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி மீசையை எடுக்கலாம்? ஜாபஸை நான் அதற்கு முன் இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். மீசையைத் தவிர வேறு அடையாளம் மனதில் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போன பிறகுதான் காது, மூக்கு எதுவுமே அவருடையது இல்லை என்று உறைத்தது. அதற்குள் வாசலில் இன்னொரு கல்யாணப் பெண் வந்து நின்று அழ ஆரம்பித்திருந்தாள்.

இதுதான் கதை. இதில் ஜாபஸ் எங்கே இருக்கிறார்? அம்பத்தூரில், சரியான சர்ச்சில். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனால் பதினோரு வருஷமாகக் கதையைச் சொல்வது அவர்தான்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து, புதிதாக வந்திருக்கும் ஆயரம்மாவிடம் ஜாபஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் சொல்லும் கதையில் முதலில் நான் பாதி வழி நடந்தேன். போன வருஷம் பீடம் வரைக்கும் போனேன். இன்று மோதிரமும் மாற்றிவிட்டேன்.

"மோதிரம்லாம் மாத்தல" என்றேன். எல்லாரும் என்னை, சினிமா பார்க்கும்போது நடுவில் லைட்டைப் போட்டவள் மாதிரி பார்த்தார்கள்.

ஜூன் 16, திங்கள்

சண்டை. பெரிய சண்டை. அது எனக்கு நடந்தது, எனக்கு, உங்களுக்கு இன்னும் நடக்கவே இல்ல என்று கத்திவிட்டேன். கடைசி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

அவர், "நீ சொன்னா சப்புன்னு கீது ரெனி, அதான் நான் சொல்றேன்" என்றார். அது உண்மைதான். அதனால்தான் இன்னும் கோபம். ஒரே ஒரு தடவை, யாரும் உள்ளே புகாமல், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும் எனக்கு. இது பெரிய ஆசையா?

கடைசியில் ஒப்பந்தம்: இரண்டு பேரும் சீட்டுப் போடுவது. யார் பெயர் முதலில் வருகிறதோ அவருக்குக் கதை. மற்றவர் அதன்பிறகு ஜென்மத்துக்கும் வாய் திறக்கக் கூடாது.

ஜூன் 24, செவ்வாய்

எழிலரசி முன்னால் சொல்லிப் பார்த்தேன். ஒரு சிக்கல். சின்ன வயதிலிருந்து சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிப் பழகிய வாய் இது. என்ன கஷ்டம் வந்தது, எப்படி ஜெபித்தேன், ஆண்டவர் எப்படி மீட்டார் – எதைச் சொன்னாலும் அந்தத் தடத்தில்தான் ஓடுகிறது. மீசையில்லாத மாப்பிள்ளையைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. போன மாதம் அவளிடம் மிக்சி ரிப்பேரானதைச் சொன்னபோதும் இப்படித்தான் தழுதழுத்ததாம்.

"அக்கா, இதுல யாரும் உங்கள காப்பாத்தலன்னாலும் பரவாயில்லக்கா" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

ஜாபஸ் குளியலறையில் ஒத்திகை பார்க்கிறார். மோதிரத்தோடு இப்போது கேக்கும் வெட்டுகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

பேக்கரி மாடி நிறைந்துவிட்டது. என் மாமியார் சாராளையும் கூட்டி வந்திருந்தார் ஜாபஸ் – அவர் பக்கம் கைதட்ட. முதல் சீட்டு சம்பந்தம் சார். பாடி மேம்பாலத்தில் இறங்கும் வழியைத் தவறவிட்டு, திரும்பத் திரும்ப மேலே ஏறி, கடைசியில் சம்பந்தி வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வடையெல்லாம் தீர்ந்த பிறகு போய்ச் சேர்ந்த கதை. நன்றாகச் சிரித்தோம்.

இரண்டாவது சீட்டு: ரெனிதா.

எழுந்தேன். மைக்கைப் பிடித்தேன். மனதில் அழகான ஆரம்பம் ஒன்று தயாராக இருந்தது. வாய் சொன்னது வேறு: "கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே."

முன் வரிசையிலிருந்து என் மாமியார் உரக்க, "ஸ்தோத்திரம்" என்றார்.

செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் எல்லாரும் சிரித்தார்கள், அதுவும் நல்ல சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். பேண்டு, அப்பாவின் கண்ணாடி, மீசை. பாதி வழிதான் நடந்தேன் என்று அழுத்திச் சொன்னேன், ஜாபஸைப் பார்த்து. மோதிரம் இல்லை. கேக் இல்லை. அப்படியும் சிரித்தார்கள். அந்தப் பெண் வாசலில் அழுததையும், நான் போய் அவள் கண்மையைத் துடைத்துவிட்டதையும் சொன்னேன். இதை ஜாபஸ் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாதே. பெல் அடிக்கக்கூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வினை. முடித்ததும் கை தானாக மேலே போனது, வாய் தானாகச் சொன்னது: "எல்லாரும் எழுந்து நிற்போமா."

எல்லாரும் எழுந்து நின்றார்கள். சம்பந்தம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நின்றது நின்றோம் என்று யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். பின்னால் டீ வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த எழிலரசியின் கண் கலங்கிவிட்டது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது என்று இன்று காலை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிச் சீட்டு ஜாபஸ்.

அவர் மேடைக்குப் போன நடையைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. கதை கைவிட்டுப் போயிற்று, வேறு கதை இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். ஜாபஸ் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை.

"நா இன்னொரு சர்ச்சுல இருந்தேன்" என்றார் கடைசியில்.

முக்கால் மணி நேரம் நின்றாராம். ஆயர் நாற்காலி போட்டும் உட்காரவில்லையாம் – பேண்ட் டைட்டு. பாடகர் குழுவிடம் கல்யாணப் பாட்டெல்லாம் தீர்ந்து, மே மாதத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு பாடினார்களாம். அவர் அண்ணன் பிரியாணிக்குத் தம் போட வேண்டாம் என்று சொல்ல ஓடியே போய்விட்டாராம். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பொண்ணு வராதுன்னு முடிவே பண்ணிட்டேன். ஏன்னா, பொண்ணு பாக்கப் போனப்ப ஒரு மணி நேரம் நானே பேசிகினு இருந்தேன். அத ஒரு வார்த்த பேச உடல. இவன யாரு கட்டிப்பான்னு ஓடிப் போயிருக்கும்னு நெனச்சேன். அங்கயே நின்னுகினு பொருத்தனை பண்ணேன். ஆண்டவரே, அது மட்டும் வந்துடுச்சுன்னா, இனிமே அத பேச உடுறேன்னு."

மைக்கைக் கை மாற்றிக்கொண்டார்.

"இன்னைக்குதான் பேச உட்டேன். அதுவும் சீட்டுல அது பேரு மொதல்ல வந்ததால."

கீழே பேக்கரி வரைக்கும் கேட்டிருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன், பிறகு நிறுத்த முடியாமல் மூக்கைச் சிந்தினேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவரைக் கேட்டதில்லை – அந்த முக்கால் மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. காத்திருந்தார், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். பேண்ட் டைட்டு என்பதுகூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் மாமியார்தான் பேசிக்கொண்டு வந்தார்.

ஜூலை 9, புதன்

மெஷின்காரர் வந்தார். டிரம்முக்குள் ஜாபஸின் சாக்ஸ் மாட்டியிருந்ததாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஜாபஸின் தொழிற்சாலையில் வேலை செய்யும் தினேஷும் அவன் புது மனைவி நிவேதிதாவும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கறிக்குழம்பு நன்றாக வந்தது. நிவேதிதா கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்தே சாப்பிட்டாள்.

தினேஷ்தான் ஆரம்பித்தான்: "அண்ணாத்தே, ஒங்க கல்யாணக் கதய சொல்லு, இவ கேக்கணுமாம்."

ஜாபஸ் வாயைத் திறந்தார். மூடினார். "அண்ணிய கேளு" என்று சொல்லிவிட்டு ரசத்தில் மும்முரமானார்.

சொன்னேன். நிதானமாக, ஆரம்பத்திலிருந்து. நிவேதிதா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். மீசை வந்த இடத்தில் புரையேறியது அவளுக்கு. அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் நிறுத்த மனமில்லை. இங்கே அம்பத்தூரில் என்ன நடந்தது தெரியுமா என்று பாடகர் குழு, பிரியாணி, டைட்டு பேண்ட் எல்லாவற்றையும் சொன்னேன். பேண்ட் கிழிந்ததையும் சொன்னேன்.

"ரெனி, பேண்ட் கிழியல" என்றார் ஜாபஸ்.

குறுக்கே பேசாதீங்க என்றேன்.